இரண்டு இடது கால்கள்

பட்டறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். உளியை எப்படிப் பிடிப்பது, மரத்தை எப்படிக் காய வைப்பது என்று எழுதுவேன் என நினைத்திருப்பார். அதையெல்லாம் ரீத்தாவே உங்களுக்குச் சொல்லித் தருவாள். என்னைவிட நன்றாகவும் சொல்லித் தருவாள். இந்த வரியை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அதனால் அந்த எரிச்சலைப் பற்றியே எழுதிவிடுகிறேன். இந்தப் பட்டறையில் நான் கழித்த காலத்தில் பிற்பகுதி முழுவதும் அதோடுதான் போயிற்று.

இங்கே குறி போடுகிறவருக்குத்தான் மதிப்பு என்பதை வந்த சில நாளிலேயே நீங்கள் கவனித்திருப்பீர்கள். லேத்தில் கடைந்து எடுத்த நாற்காலிக் காலில் முன்பக்கச் சட்டம் எங்கே நுழைய வேண்டும், பக்கச் சட்டம் எங்கே நுழைய வேண்டும் என்று பென்சிலால் இடம் குறிப்பதுதான் குறி போடுவது. சதுரக் கால் என்றால் நான்கு முகம் இருக்கும், வேலை எளிது. உருண்டைக் காலுக்கு முகமே கிடையாது. போதாததற்கு நம் நாற்காலிகள் முன்னால் அகலம், பின்னால் குறுகல். அதனால் முன்காலில் வரும் இரண்டு துளைகளும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்காது, கொஞ்சம் நெருங்கி வரும். இரண்டின் உயரமும் வேறு. இடது காலில் எப்படிப் போட்டோமோ அதை வலது காலில் கண்ணாடியில் பார்த்தது போல மாற்றிப் போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் இரண்டுமே இடது காலாகிவிடும். உலகத்தில் வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு தப்பு நடக்குமா என்று தெரியவில்லை. செருப்புக் கடையில் நடக்கலாம், ஆனால் அங்கே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

ரீத்தா வருவதற்கு முன்பு குறி போட்டவன் நான். காலைப் பலகைமேல் கிடத்தி, அதைச் சுற்றி நூலைக் கட்டி, அந்த நூலை அவிழ்த்து மடித்து மடித்து இடம் கண்டுபிடிப்பேன். மெதுவான வேலை. யாரும் பக்கத்தில் வந்து பேசக் கூடாது. கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போதே அன்றைக்கு எந்தக் கால், எந்தக் கோணம் என்று யோசித்துக்கொண்டே வருவேன். புதுச்சேரி ஹோட்டல்காரர்கள் வந்தால் முதலாளி என்னைக் கூப்பிட்டு அறிமுகம் செய்வார். நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக வருவேன்.

அப்போது பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. குறி போட்டவர் துளை போட மாட்டார், துளை போடுகிறவர் குறியைத் திருப்பி அளக்க மாட்டார். குறி சரியில்லை என்றால் பழி குறி போட்டவருக்கு, துளை கோணினால் பழி துளை போட்டவருக்கு. ஆளுக்கு ஆள் கை காட்டிச் சண்டை போடாமல் இருப்பதற்காக முதலாளியின் அப்பா வைத்த ஏற்பாடு அது. அதை மிகக் கறாராகக் காப்பாற்றியது நான்தான். என்னோடு துளை போட்டுக்கொண்டிருந்த நல்ல மனிதர் ஒருமுறை, இது சரியாத்தான் இருக்குங்களா என்று கேட்டுவிட்டார். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அதன்பிறகு அவர் கேட்டதே இல்லை.

ரீத்தா இரும்பு லேத்தில் வேலை பார்த்தவள். டவுனில் வீடு. அவள் அப்பா பட்டினச்சேரிப் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்ப்பவர். அவள் வேலை செய்த கம்பெனி மூடிப்போனதும் நம் பட்டறையில் வந்து வேலை கேட்டாள். மரத்தில் இதுவரை கை வைத்ததில்லை என்று அவளே சொன்னாள். நான் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை.

வந்த கொஞ்ச நாளில், லேத்தின் தலைப்பக்கத்தில் ஒரு வட்டத் தகட்டை மாட்டினாள். தகட்டின் ஓரம் முழுக்கச் சம இடைவெளியில் ஓட்டைகள். ஒரு ஓட்டையில் ஆணியைச் செருகினால் கால் அப்படியே அசையாமல் நிற்கும். உளியைத் தாங்கும் கட்டையின்மேல் பென்சிலை வைத்து ஒரு இழு, காலின் நீளத்துக்கும் நேர்கோடு. இது முன்பக்கச் சட்டத்துக்கு. பிறகு வேண்டிய கோணத்துக்கு ஓட்டைகளை எண்ணி, ஆணியை மாற்றிச் செருகி, இன்னொரு இழு. இது பக்கச் சட்டத்துக்கு. லேத்தைச் சுற்றவிட்டு அளவுக்குச்சியைப் பார்த்துப் பென்சில் முனையால் தொட்டால் உயரங்களும் வளையம் வளையமாக விழுந்துவிடும். நான் நூலை மடிக்கும் நேரத்தில் அவள் ஒரு முழு நாற்காலிக்கான கால்களை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் பென்சில் டப்பா அவள் மேசையில் இருந்தது. என் மேசையில் துளை போடும் மெஷின் இருந்தது.

அதிலிருந்து எனக்கு அவள் செய்ததெல்லாம் உறுத்தியது. அவள் கடையும்போது மரச்சுருள் அறுபடாமல் நீளமாக வரும், அது உறுத்தியது. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள், உறுத்தியது. வாடிக்கையாளர்கள் வாசலில் நின்றே, அந்தப் பொண்ணு இருக்குதா என்று கேட்பார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் உள்ளே கை காட்டுவேன். ஒரு மழை நாளில் பஸ் வரவில்லை என்று தன் ஸ்கூட்டரில் என்னைக் கோட்டுச்சேரி வரை கொண்டுவந்து விட்டாள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் அவள் வண்டி ஓட்டிய பக்குவத்தைப் பார்த்து அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. வீட்டில் நான் புலம்பாத நாள் கிடையாது. என் மனைவி, அந்தப் பொண்ணு பேரச் சொல்லாம ஒரு வாய் சோறு எறங்காதா உங்களுக்கு என்று கேட்டுவிட்டாள்.

அவள் தப்பு செய்வாள் என்று காத்திருந்தேன். துளைக்காக என்னிடம் வரும் ஒவ்வொரு காலையும் வெளிச்சத்தில் பிடித்து உருட்டி உருட்டிப் பார்ப்பேன். குறியை அளக்கக் கூடாது என்றுதான் வழக்கமே தவிர, பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் இல்லாதபோது சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்து அளந்தும் பார்ப்பேன். ஒரு மயிரிழை விலகியிருந்தால் போதும் என்று ஏங்குவேன். விலகியிருக்காது. நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு துளை போடுவேன். ஆண்டுக்கணக்கில் இப்படி.

அப்போதுதான் சுரக்குடியிலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், ஊரில் எல்லாரும் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் சொல்வார்கள். இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. இருக்கை உயரமாக, கைப்பிடி முன்னால் நீட்டி, அவர் இரண்டு கையையும் ஊன்றித் தானாகவே எழுந்திருக்கும்படி ஒரு நாற்காலி வேண்டும். அதற்கு மரத்தையும் அவரே கொண்டுவந்தார். புயலில் விழுந்த அவர் வீட்டுப் பூவரசு, அறுத்துப் பல வருஷம் நிழலில் காய்ந்த கட்டை. கோணல் மரம். அதில் கால் கடைய நேராகத் தேறியது நான்கு துண்டுதான். ஒன்று கெட்டாலும் வேறு கிடையாது. வேறு மரத்தில் செய்து தரட்டுமா என்று முதலாளி கேட்டதற்கு, அப்படின்னா எனக்கு நாற்காலியே வேணாம் என்று சொல்லிவிட்டார்.

கால்கள் கடைந்து முடிந்து குறி போடும் அன்று அவரும் வந்திருந்தார். பசை போடாமல் பொருத்தி அவரை உட்கார வைத்து, உயரம் சரிதானா என்று அன்றே பார்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பிளாஸ்டிக் நாற்காலியை ரீத்தாவின் லேத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்தத் தகடு எதற்கு, இந்த ஓட்டை எதற்கு என்று கேள்விமேல் கேள்வி. அவளும் வேலையை நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லிப் பாராட்டினார். எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் எரிந்தது. நான் குறி போட்ட காலத்தில் ஒருவரும் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. நானே விடவில்லை என்பது வேறு விஷயம்.

கால்கள் என் மேசைக்கு வந்தன. பின்கால்கள் இரண்டையும் பார்த்தேன், சரி. முதல் முன்காலைப் பார்த்தேன், சரி. இரண்டாவதை எடுத்துத் திருப்பினேன். என் கை நின்றுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பக்கச் சட்டத்தின் கோடு ஒரே திசையில் இருந்தது. வலது காலுக்கு ஓட்டைகளைப் பின்பக்கமாக எண்ணியிருக்க வேண்டும். பெரியவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவள் அதையும் முன்பக்கமாக எண்ணியிருந்தாள். இரண்டும் இடது கால். அந்தக் குறியில் துளை போட்டால் முன்பக்கச் சட்டம் அடுத்த காலைப் பார்க்காமல் வெளியே சுவரைப் பார்க்கும்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தது போல இருந்தது. இத்தனை வருஷம் நான் தேடியது என் மேசைக்குத் தானாக நடந்து வந்திருக்கிறது.

அதுவும் நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். குறி போட்ட இடத்தில் துளை போட்டால் போதும். பழி என்மேல் வராது. அதற்குத்தான் வழக்கம் இருக்கிறது. துளை போட்டு முடித்து, பொருத்தும்போது எல்லாருக்கும் தெரியும். மாற்றுவதற்கு மரம் இல்லை. பெரியவர் கத்துவார், முதலாளி அவளைப் பார்ப்பார், மறுநாள் பென்சில் டப்பா என் மேசைக்கு வந்துவிடும். முதலாளி வேறு பின்னால் வந்து நின்று அவசரப்படுத்தினார். கார் காத்திருக்கிறது, அவர் இருட்டுவதற்கு முன் சுரக்குடி போக வேண்டும், சீக்கிரம் போடுங்கள் என்றார். நான் இரண்டாவது காலை மெஷினில் வைத்து இறுக்கினேன். துளையூசியைக் குறிக்கு நேராக இறக்கினேன்.

இந்த இடத்தில் என் நல்ல மனசு விழித்துக்கொண்டது என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. முதலில் எனக்குத் தோன்றியது, நான் வேண்டுமென்றே செய்ததாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள் என்பது. என் பொறாமை பட்டறையில் பெருக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். அடுத்துத் தோன்றியது இன்னும் மோசம். இப்போது துளை போட்டுவிட்டால், அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவன் நான் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இத்தனை வருஷம் நூலும் கையுமாகக் காத்திருந்து கண்டுபிடித்ததை நானே மறைக்க வேண்டியிருக்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில் பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார். கார் டிரைவர் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்தான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடி வளைந்தது, மறுபடியும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். யாரும் பார்க்கவில்லையே என்பது போல எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினை அணைத்தேன்.

முதலாளிக்கும் பெரியவருக்கும் நன்றாகக் கேட்கும்படிதான் கூப்பிட்டேன். அதை ஒளிக்கவில்லை.

"ரீத்தா, இங்க வந்து இதப் பாரு. ரெண்டு காலும் எடது காலா இருக்கு."

பட்டறையில் எல்லா லேத்தும் ஒவ்வொன்றாக நின்றது. அவள் வந்தாள். இரண்டு காலையும் வாங்கி ஒன்றாகப் பிடித்துப் பார்த்தாள். முகம் வெளுத்தது. அதை நான் ஆசைதீரப் பார்த்தேன். முதலாளி, துளை போட்டாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அவள் தப்பை மறைக்கவோ, பெரியவர் பேச்சுக் கொடுத்ததால் வந்தது என்று சொல்லவோ இல்லை. என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீங்க பாத்துருவீங்கன்னு தெரியும்ணே. நான் போட்ட குறிய நான் ரெண்டாவது தடவ பாக்குறதே இல்ல. என்னைவிட உத்துப் பாக்க நீங்க இருக்கீங்க. நூல வச்சு அளக்குறதுகூட எனக்குத் தெரியும்."

முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் இத்தனை வருஷம் வளர்த்துவந்த பொறாமையை, வேலைக்கு ஆள் வைத்தது போல இவர்கள் இரண்டு பேரும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அவளுடைய வேகத்துக்குப் பாதிக் காரணம் நான். திரும்பிப் பார்க்க வேண்டிய நேரத்தை அவள் மிச்சம் பிடித்தாள், அவளுக்காக நான் பார்த்தேன்.

அவள் உப்புத்தாளால் தப்பான கோட்டைத் துடைத்து, காலை லேத்தில் மாட்டி, இந்த முறை பின்பக்கமாக எண்ணிக் கோடு இழுத்தாள். இவ்வளவு நடந்த பிறகும் கோடு கொஞ்சமும் கோணவில்லை. நான் இழுத்திருந்தால் கோணியிருக்கும். அதற்காகவும் தனியாகப் பொறாமைப்பட்டேன். பிறகு நான் துளை போட்டேன். மாலையில் பொருத்தினோம். பெரியவர் உட்கார்ந்து பார்த்தார், கைப்பிடிமேல் இரண்டு கையையும் ஊன்றினார், எழுந்து நின்றார். யாரும் தொடவில்லை. இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்தார். பிறகு நேராக ரீத்தாவிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். என் பக்கம் தலையை ஆட்டிவிட்டுக் காருக்குப் போனார்.

துளை போடுவதற்கு முன்னால் இரண்டு காலையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்களே, அந்தப் பழக்கம் மறுநாளிலிருந்துதான் வந்தது. பழைய வழக்கத்தை முதலாளி எடுத்துவிட்டார். நல்ல காரியம். ஆனால் நான் போன மாதம் வந்தபோது நீங்கள் பார்ப்பதைப் பார்த்தேன். வைக்கிறீர்கள், எடுக்கிறீர்கள். அக்கா போட்ட குறியாச்சே, சரியாகத்தான் இருக்கும் என்று உங்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. அவளை உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அது எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்களில் ஒருவராவது அவளைப் பார்த்து வயிறெரியுங்கள். அவளுக்கு அந்த உதவி தேவைப்படுகிறது. மரியாதை வைத்திருக்கும் கண்ணுக்கு அந்தக் கோடு தட்டுப்படாது. கெடுதல் நினைக்கச் சொல்லவில்லை. தப்பு கிடைத்தால் துளை போடுவதற்கு முன்னால் சத்தமாகச் சொல்லுங்கள். நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேறு ஒரு எரிச்சல் தொடங்கிவிட்டது. நான் குறி போட்ட காலத்தில் என் குறியில் தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. அதை என் திறமை என்றே நினைத்திருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் யோசித்தேன். யார் பார்த்தார்கள்? துளை போட்ட அந்த நல்ல மனிதருக்கு என்மேல் பொறாமை கிடையாது, பிரியம்தான். கேட்கவும் நான் விடவில்லை. இப்போது யார் வீட்டுக்குப் போனாலும், நான் குறி போட்ட நாற்காலி இருந்தால் குனிந்து அடியில் பார்க்கிறேன். எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் பார்ப்பது நான். அவளுக்கு என்னைப் போல ஒரு ஆள் இருந்தான். எனக்கு அப்படி ஒருவரும் இல்லை. அவளிடமிருந்ததிலேயே எனக்கு மிக அதிகமாக வயிறெரிந்தது இதற்குத்தான்.

ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் ஒரு சின்ன லேத் வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லாமல், அவள் செய்வது போலவே ஒரு தகடு மாட்டி, பூவரசில் ஒரு நாற்காலி செய்தேன். என் வாழ்க்கையில் செய்த சிறந்த நாற்காலி அது. போன மாதம் ரீத்தா தன் பையனுக்குச் சர்ச்சில் நடக்கும் புதுநன்மை விழாவுக்கு அழைக்க வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் வெளிச்சம் கால்களில் விழும்படி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, நான் செய்ததுதான், உட்காரம்மா என்றேன். என் மனைவி காபி கொண்டுவந்தாள். ரீத்தா சாய்ந்து உட்கார்ந்து குடித்தாள். பையனைப் பற்றிச் சொன்னாள், உங்களைப் பற்றிச் சொன்னாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கைப்பிடியைத் தட்டிக் கொடுத்து, "நல்லா இருக்குண்ணே" என்று சொன்னாள். மனசார, அன்பாகத்தான் சொன்னாள். குனிந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.